வலக்கையாரும் இடக்கையும்

தூத்துக்குடியில் ஓர் உடம்பில் இரண்டு கைகள் குடியிருந்தன. அந்த உடம்புக்குச் சொந்தக்காரி பெயர் ஜெனோவா. தொம்மை அண்ணாச்சி நடத்திவந்த பேக்கரியில் கேக்குகளுக்கு அலங்காரம் செய்வது அவள் வேலை.

வலப்பக்கம் இருந்த கையை எல்லோரும் வலக்கையார் என்று மரியாதையாக அழைத்தார்கள். இடப்பக்கம் இருந்தது வெறும் இடக்கை. அதற்கு 'ஆர்' கிடையாது. வலக்கையார் வந்தார், இடக்கை வந்தது. வலக்கையார் சொன்னார், இடக்கை கேட்டுக்கொண்டது. இலக்கணமே அப்படி இருக்கும்போது இடக்கை யாரிடம் போய் முறையிடும்? தனக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று இருந்துவிட்டது.

வேலையும் அதற்கேற்றபடிதான் பிரிந்திருந்தது. சாப்பிடுவது, சிலுவை போடுவது, கையெழுத்துப் போடுவது, பெரியவர்களிடம் எதையாவது கொடுப்பது வாங்குவது எல்லாம் வலக்கையார். கழுவுவது, துடைப்பது, பை சுமப்பது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் இடக்கை.

ஒரே ஒரு வேலை மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. கேக்கின்மேல் கிரீமைப் பிதுக்கி எழுதுகிற கோன்.

ஜெனோவா பேக்கரியில் பெட்டி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேக்கில் பெயர் எழுதுகிறவர் ஒருநாள் வரவில்லை. அவசரத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். வலக்கையார்தான் முதலில் கோனைப் பிடித்தார். கிரீம் ஒரு இடத்தில் குவிந்தது, ஒரு இடத்தில் அறுந்தது. அவர் கோனைக் கீழே வைத்த நேரத்தில் இடக்கை, யாரும் சொல்லாமலே, அதை எடுத்தது. எடுத்த மாத்திரத்தில் அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும், 'ழ'வின் சுழிக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து பின்கட்டு அறையில் கோன் இடக்கையின் வசம். வலக்கையார் சுழலும் தட்டைத் திருப்பிக் கொடுப்பார். கேட்டால், அது உதவியில்லை, மேற்பார்வை என்பார்.

"பிறவியிலேயே நான் எழுதுகிற கை. இது ஏதோ வெண்ணெயும் சர்க்கரையும். இதெல்லாம் எழுத்தில் சேர்த்தி இல்லை," என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

உண்மையில் ஜெனோவா பிறந்தபோது எழுதுகிற கை இடக்கைதான். பள்ளிக்கூடத்தில் மாற்றிவிட்டார்கள். வலக்கையார் அதை மறந்து ரொம்ப காலமாகிவிட்டது. பதவிக்கு வந்தவர்களுக்கு மறதியும் கூடவே வந்துவிடும்போல.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் தொம்மை அண்ணாச்சி சென்னைக்குப் போய்த் திரும்பினார். அங்கே ஒரு கடையில் கேக் அலங்காரம் செய்வதைக் கண்ணாடி வழியாகக் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்ததைக் கண்டு வந்திருந்தார். வந்த வேகத்தில் பின்கட்டுச் சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் பெரிய கண்ணாடியை வைத்தார்.

இடக்கைக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இத்தனை கண்களை அது பார்த்ததே இல்லை. பிறகு, ரோஜாப்பூ ஒன்றை அது இதழ் இதழாகச் சுற்றி முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வாயைப் பிளந்து நிற்பதைக் கண்டது. அன்றைக்கு அது வைத்த ரோஜாக்கள் எல்லாமே கொஞ்சம் பெரிதாக விரிந்தன.

எமல்டா டீச்சர் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் நடந்தால் மீசை வைத்த ஆட்கள்கூடச் சிகரெட்டை மறைப்பார்கள். மகள் ஷைனியின் நிச்சயதார்த்தத்துக்குக் கேக் சொல்ல வந்தவர், கண்ணாடியைப் பார்த்தார். நின்றார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை என்ன பீச்சாங்கையால எழுதிக்கிட்டு இருக்கு?"

"அது கைப்பழக்கம் டீச்சர். எழுத்தப் பாருங்க, முத்து கோத்த மாதிரி இருக்குல்லா."

"எழுத்து இருக்கட்டும். என் மக பேரை அந்தக் கையால எழுதுறத நாலு பேர் பாத்து, சம்பந்தி வீட்டுல போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்? வீட்டுல நடக்கிற முதல் நல்ல காரியம்."

"போன கிறிஸ்மஸுக்கு நீங்க வாங்கிட்டுப் போனது இதே கை செஞ்ச கேக்குதான டீச்சர்?"

"அப்பத் தெரியாது. தெரியாத வரைக்கும் தப்பில்ல."

டீச்சர் போனதும் தொம்மை அண்ணாச்சி கண்ணாடிக்கு உள்ளே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஊரில் பாதிப்பேருக்கு டீச்சர் பாடம் நடத்தியிருக்கிறார். அந்தப் பாதிப்பேரும் கேக் வாங்குகிறவர்கள்.

"ஜெனோவா, நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள சோத்துக்கையால எழுதப் பழகிரு. இல்லன்னா என்ன செய்ய, மறுபடி பெட்டி மடிக்கப் போயிரு. நான் வேற ஆள் பாக்குதேன்."

ஜெனோவா கோனை வைத்துவிட்டு விரல்களை ஈரத்துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, தேவைக்கு அதிகமாகவே துடைத்தாள். பெட்டி மடிக்கிற மேசைக்குத் திரும்பிப் போவதை நினைத்தபோது அவளுக்கு எப்படி இருந்தது என்று இடக்கைக்குத் தெரியும். அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தது அதுதான்.

வலக்கையார் கழுத்துப்பட்டை இல்லாத குறையாக நிமிர்ந்தார். "கடைசியில் நியாயம் ஜெயித்தது பார்த்தாயா? இனிமேல் கோன் என்னிடம். நீ தட்டைத் திருப்பு."

பழக்குவதற்கு ஒரு வழியையும் அண்ணாச்சியே கண்டுபிடித்தார். செல்போன் கடை மாடியில் கில்பர்ட் என்பவர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வாசலில், 'இரு கை, இரு மூளை, முழு மனிதன்' என்று பேனர். இரண்டு கையாலும் எழுதப் பழகினால் தூங்குகிற மூளை விழித்துவிடும் என்பது அவர் சித்தாந்தம்.

முதல் வகுப்பில் கில்பர்ட் சுவரில் ஒரு படத்தை மாட்டினார். நடுவே பிளந்த ஒரு மண்டை. ஒரு பாதியில் எண்களும் தராசும். மறுபாதியில் பட்டாம்பூச்சியும் வீணையும்.

"இடது மூளை கணக்குப்பிள்ளை. வலது மூளை கலைஞன். நீங்க எல்லாரும் இதுவரைக்கும் பாதி மூளையிலதான் வாழ்ந்திருக்கீங்க," என்றார் கில்பர்ட்.

முன்வரிசையில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தார். "சார், அப்ப மீதிப் பாதி இத்தனை வருஷமா என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

"தூங்கிக்கிட்டு இருந்தது."

"சாப்பாடு மட்டும் ரெண்டுக்கும் போட்டிருக்கோம்," என்று வக்கீல் வருத்தப்பட்டார்.

கில்பர்ட் ஒரு குச்சியை எடுத்து, படத்தில் கழுத்துப் பக்கம் குறுக்கே ஓடிய சிவப்புக்கோட்டையும் நீலக்கோட்டையும் காட்டினார். "இதைப் பாருங்க. பாதை இங்க மாறுது. இடது மூளை சொல்றதைத்தான் வலது கை செய்யும். வலது மூளை சொல்றதைத்தான் இடது கை செய்யும்."

அவர் வகுப்பில் சொன்னவற்றில் சந்தேகமில்லாத உண்மை அது ஒன்றுதான். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போய்விட்டார்.

வலக்கையார் பிடித்திருந்த பென்சில் கீழே விழுந்தது.

"என்ன சொன்னான் அந்த ஆள்?" என்று கேட்டார். "நான் யாருடைய ஆள்?"

"இடப்பக்கத்து ஆள் என்கிறார், ஐயா," என்றது இடக்கை. அதற்கே சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகம்.

"பொய்! என் குலம் கோத்திரம் எனக்குத் தெரியாதா? வா, மேலே போய்க் கேட்டுவிடுவோம்."

மறுநாள் மதியம், சாப்பிட்டுவிட்டு ஜெனோவா நாற்காலியிலேயே கண் அசந்த நேரத்தில், இரண்டும் புறப்பட்டன. தோள் ஏறி, முதுகுத்தண்டைப் பிடித்து மேலே போனால், கழுத்துக்கு மேலே ஒரு நாற்சந்தி. வலக்கையார் நேராகப் போகப் பார்த்தார். பாதை அவரை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. "விடு என்னை, நான் வலப்பக்கம் போகவேண்டியவன்," என்று கத்தினார். பாதை யார் சொல்லியும் கேட்கிற பாதை இல்லை.

மேலே இரண்டு வீடுகள், வாதுமைப் பருப்பை இரண்டாகப் பிளந்து வைத்ததுபோல. நடுவே வெள்ளை நார்களால் பின்னிய ஒரு பாலம். அதன்மேல் செய்திகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

மூளையின் இடப்பாதி வாசலிலேயே நின்றிருந்தது. வாய் ஓயாத பேர்வழி. "வாருங்கள், வாருங்கள்! இப்போதுதான் உங்களைப்பற்றி நினைத்தேன். நேற்றுப் பென்சில் விழுந்ததே, அது ஏன் விழுந்தது தெரியுமா? மின்விசிறிக் காற்று."

"காற்று இல்லை. அதிர்ச்சி," என்றார் வலக்கையார்.

"அப்படியா? எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது காரணம் கேட்டால் உடனே சொல்ல ஒன்று வேண்டுமே. இந்த உடம்பில் பேச்சுத்துறை என்னிடம்தான் இருக்கிறது. யார் எதைச் செய்தாலும் ஏன் செய்தோம் என்று அறிக்கை விடுவது நான்."

"நான் உங்கள் ஆளா?"

"பின்னே? உன் ஒவ்வொரு விரல் அசைவும் இங்கிருந்துதான் வருகிறது."

வலக்கையார் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் இடக்கை எதிர்வீட்டு வாசலுக்குப் போயிருந்தது. வலப்பாதிக்குப் பேச்சு குறைவு. இடக்கையைக் கண்டதும் ஒரு புன்னகை, தலையசைப்பு, முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான். இடக்கைக்கு அதுவே போதும். உடம்பில் பிறந்ததிலிருந்து அதன் முதுகில் யாரும் தட்டியதில்லை.

"அப்படியானால் நான் வலது!" என்றது இடக்கை. சத்தமாகவே சொன்னது. "நான் வலப்பக்கத்தின் நேர் ஆள்! வீணையும் பட்டாம்பூச்சியும் இருக்கிற வீட்டு ஆள்!"

வலப்பாதி இல்லை என்று தலையை ஆட்டியது. வீட்டுக்குள் வீணை எதுவும் இல்லை என்று கதவைத் திறந்தே காட்டியது. இடக்கை அதைப் பார்க்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த பாலம் சொன்னது: "நாள் முழுக்க நான் இரண்டு வீட்டுக்கும் நடக்கிறேன். ஒரு பூ வைப்பதென்றாலும் இரண்டு வீட்டிலும் விளக்கு எரிகிறது. எந்த வேலையையும் ஒரு வீடு தனியாக முடித்து நான் கண்டதில்லை."

"நீ நடுவில் கிடக்கிற பாலம். உனக்கு எந்தப் பக்கமும் இல்லை. உனக்கு என்ன தெரியும்?" என்றது இடக்கை.

நேற்றுவரை அதனிடம் எல்லோரும் பேசிய அதே தொனியில் அது பேசியது. அது அதற்கே தெரியவில்லை.

கீழே வந்ததும் ஜெனோவா வீட்டில் கலகம் தொடங்கியது. சாப்பாடு முடிந்து தொட்டியில் பாத்திரம் குவிந்திருந்தது. இடக்கை அசையவில்லை.

"நான் யாருடைய ஆள் என்று தெரிந்துமா என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்கிறீர்கள்? இனிமேல் என்னையும் இடக்கையார் என்றுதான் கூப்பிட வேண்டும். அல்லது, இருக்கிற உண்மைப்படி, வலக்கையார் என்றே கூப்பிடலாம்."

"அது என் பெயர்!" என்றார் வலக்கையார்.

"அது உங்கள் பெயராக இருந்தது."

வலக்கையாருக்கு வெளியே தலைகாட்டவே வெட்கமாகிவிட்டது. கோவிலில் சிலுவை போடப் போனவர் நெற்றிக்கும் மார்புக்கும் நடுவில் நின்றுவிட்டார். பஸ்ஸில் யாராவது பார்த்தால் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டார். ஜெனோவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடித் தம்ளர் ஒன்று உடைந்தது. பொத்தான் போட முடியவில்லை. பூட்டில் சாவி நுழைய மறுத்தது.

"இந்தக் கை ரெண்டுக்கும் என்ன வந்துச்சுன்னே தெரியல," என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

"நரம்புத் தளர்ச்சியா இருக்கும்," என்று உள்ளேயிருந்து இடப்பாதி காரணம் எடுத்துக் கொடுத்தது. ஜெனோவா அதையே திருப்பிச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னாள்.

வகுப்பில் இரண்டு கைக்கும் ஆளுக்கொரு பென்சில் கொடுத்து ஒரே நேரத்தில் எழுதச் சொன்னார்கள். இடக்கை எழுதியது எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாகத் திரும்பி வந்தது. கில்பர்ட் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாத்தீங்களா! விழிச்சிருச்சு! வலது மூளை விழிச்சிருச்சு!"

வக்கீல் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விழிச்சதும் படிக்க முடியாத மாதிரி எழுதுமோ?" என்றார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. கில்பர்ட் ஜெனோவாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நிச்சயதார்த்த நாள் வந்தது. கண்ணாடிக்கு வெளியே எமல்டா டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் தொம்மை அண்ணாச்சி. தன் மாணவியைப் படம்பிடிக்க கில்பர்ட்டும் வந்திருந்தார். உள்ளே ஜெனோவா வலது கையில் கோனைப் பிடித்தாள். இடது கையைச் சுழலும் தட்டில் வைத்தாள்.

கேக் மேல் எழுத வேண்டியது இரண்டு பெயரும் ஒரு வாழ்த்தும்: ரூபன், ஷைனி, அன்பு வளர்க.

வலக்கையார் இந்த ஒரு மாதமும் சும்மா இருக்கவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பழைய அட்டைகளின்மேல் எழுதி எழுதிப் பார்த்திருந்தார். பெயர்கள் இரண்டும் ஒருமாதிரி ஒப்பேறிவிட்டன. 'ஷ'வின் வளைவில் கொஞ்சம் வியர்த்தார். 'அன்பு'வையும் கடந்தார்.

இடக்கை தட்டைத் திருப்பிக்கொண்டே அதைப் பார்த்தது. அதற்குப் பொறுக்கவில்லை. இந்த நடுங்குகிற கைக்குக் கோன். வலப்பக்கத்தின் நேர் ஆளான தனக்குத் தட்டுத் திருப்புகிற வேலை.

'வ' எழுதி முடித்து வலக்கையார் கோனைத் தூக்கப்போனார். அந்த நொடியில் இடக்கை தட்டை ஒரு மயிரிழை அதிகமாகத் திருப்பியது. அவ்வளவுதான் செய்தது. வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. வலக்கையார் தடுமாறினார். கோனிலிருந்து கிரீம் இழுபட்டு, 'வ'வின் காலடியிலிருந்து ஒரு வால் கீழே இறங்கி வளைந்தது. பதற்றத்தில் அவர் நிறுத்தாமல் மீதி எழுத்துகளையும் எழுதிவிட்டார்.

கேக்கில் எழுதியிருந்தது: அன்பு தளர்க.

தொம்மை அண்ணாச்சி கண்ணாடியில் நெற்றியை வைத்துப் படித்தார். மறுபடி படித்தார். "மாதாவே," என்றார். கில்பர்ட் போனைக் கீழே இறக்கினார். எமல்டா டீச்சர் குடைப்பிடியை இறுகப் பிடித்தார்.

ஜெனோவா கேக்கையே பார்த்தபடி நின்றாள். சம்பந்தி வீட்டார் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். வேறு கேக் தயாரில்லை. அவள் கண்ணில் நீர் கோத்து நின்றது, விழவில்லை. கேக்மேல் விழுந்துவிடக்கூடாது என்று முகத்தை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள்.

இடக்கை அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்தது. தான் கவிழ்த்தது வலக்கையாரை என்று நினைத்திருந்தது. கவிழ்ந்தது இவள்.

"நான்தான் தள்ளினேன்," என்றது இடக்கை.

"தெரியும்," என்றார் வலக்கையார். "தட்டைத் திருப்புகிற வேலையில் என்னவெல்லாம் செய்யலாம் என்று எனக்குத் தெரியாதா? உன் முதல் கேக்கில் நானும் தள்ளிப் பார்த்தவன்தான். நீ சமாளித்துவிட்டாய். என்னால் முடியவில்லை." கோனை நீட்டினார். "பிடி. நீயே எழுது."

"டீச்சர் பார்க்கிறாரே."

"பார்க்கட்டும். இவள் அழுகிறாள்."

ஜெனோவா கோனைக் கை மாற்றினாள். கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் பார்த்திருக்க, மறைக்காமல் மாற்றினாள்.

இடக்கை முதலில் கத்தி நுனியை எடுத்தது. 'வ'வுக்கும் அந்த வாலுக்கும் நடுவே ஒரு மெல்லிய கீறல் போட்டுப் பிரித்தது. அறுபட்ட வாலைச் சுற்றிக் கிரீம் வைத்து அதை ஓர் இலையாக்கியது. இலை தனியாக நின்றால் ஒட்டாதே என்று ஒரு காம்பு. காம்புக்கு ஒரு கொடி. கொடி எழுத்துகளின் அடியில் நெளிந்து ஓடி, ஷைனியின் பெயரைத் தொட்டு, ரூபனின் பெயரைச் சுற்றி வந்து ஒரு மொட்டாக நின்றது. தட்டு வேண்டிய இடத்தில் திரும்பியது, வேண்டிய இடத்தில் நின்றது. வலக்கையார் அதைத் திருப்பிக்கொண்டிருந்தார். மேலே பாலத்தில் அந்த நேரம் இருந்த நெரிசல் சொல்லி முடியாது. இரண்டு வீட்டிலும் எல்லா விளக்கும் எரிந்தன.

அன்பு வளர்க என்று இருந்தது. கொடி வேறு வளர்ந்துகொண்டிருந்தது.

ஜெனோவா வெளியே வந்தாள். "கிரீம் கொஞ்சம் இளகிப்போச்சு அண்ணாச்சி. அதான் டிசைனை மாத்திட்டேன்," என்றாள். இடப்பாதி அறிக்கையைத் தயாராக வைத்திருந்தது.

"இதுதான் நான் சொன்ன முழு மூளை!" என்று கில்பர்ட் போனை மறுபடி தூக்கினார். தொம்மை அண்ணாச்சி அவரை விலக்கிவிட்டு, கேக்கைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் அவர் டீச்சர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டியைக் கல்லாமேசையின்மேல் வைத்து டீச்சர் பக்கமாகத் தள்ளினார்.

கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டார். மேசை கண்ணாடி போட்டது, துடைத்த ஈரம் வேறு. பெட்டி வழுக்கிக்கொண்டு போய் விளிம்பைத் தாண்டியது.

ஜெனோவா கத்தினாள்.

பெட்டி விழவில்லை. தரைக்கு ஒரு முழம் மேலே, எமல்டா டீச்சரின் கை அதைத் தாங்கியிருந்தது. குடை எங்கோ போய் விழுந்திருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர் அவ்வளவு வேகமாகக் குனிவார் என்று யாரும் நினைக்கவில்லை.

ஓடிவந்த ஜெனோவாவின் இடக்கை பெட்டிக்கு அடியில் நுழைந்தது. அங்கே அதற்கு எதிரே இருந்ததும் ஓர் இடக்கை. விரல்கள் தொட்டுக்கொண்டன.

"நீங்களா?" என்றது ஜெனோவாவின் இடக்கை.

"சத்தம் போடாதே," என்றது டீச்சரின் இடக்கை. அதற்கு மூச்சு வாங்கியது. "ஒன்றாம் வகுப்பில் என்னை உட்காரச் சொன்னார்கள். இன்றைக்குத்தான் எழுந்தேன். யோசிக்க நேரம் கொடுத்திருந்தால் இப்போதும் எழுந்திருக்கமாட்டேன்."

"வலிக்கிறதா?"

"இல்லை," என்றது அது. பிறகு, "நன்றாக இருக்கிறது," என்றது.

பெட்டி மேசைக்குத் திரும்பியது. கடையில் எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் தன் கையைப் பார்த்தார். முகம் சிவந்தது. உள்ளே அவருடைய இடப்பாதி அவசர அவசரமாகக் காரணம் தேடியது.

"சோத்துக்கையில மோதிரம் கிடக்கு. அட்டை கிழிஞ்சிரக்கூடாதுன்னுதான்..." என்றார் டீச்சர்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் வலது கையைப் பெட்டி மூடியின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார், பெட்டி மறுபடி ஓடிவிடும் என்பதுபோல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேசையில் கிடந்த கோனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேசும்போது தலைமையாசிரியைக் குரல் திரும்பியிருந்தது.

"அண்ணாச்சி, கல்யாணக் கேக்கையும் இந்தப் பிள்ளையே எழுதட்டும். எந்தக் கையால எழுதினாலும் சரி. பெட்டி மடிக்க அனுப்புற வேலையெல்லாம் வேண்டாம். ஆனா நாலு பேருக்குத் தெரியக்கூடாது. அந்தக் கண்ணாடிக்கு ஒரு திரை போட்டுருங்க."

"போட்டுருதேன் டீச்சர். எவ்வளவு உயரத்துக்குப் போடணும்?"

"இதோ, இந்த உயரத்துக்கு," என்று டீச்சர் எல்லோரும் பார்க்கக் கையைத் தூக்கிக் காட்டினார்.

உயர்ந்தது இடக்கை.